இன்ஃபினிட் பொட்டென்ஷியல்: டேவிட் போம் பற்றிய ஆவணப்படம்

இன்ஃபினிட் பொட்டென்ஷியல் (முடிவற்ற சாத்தியம்) குவாண்டம் இயற்பியலாளர் டேவிட் போமின் (1917-1992) வாழ்க்கையையும் சிந்தனைகளையும் பற்றிய ஆவணப்படம். அயர்லாந்தைச் சேர்ந்த பால் ஹோவர்ட் இயக்கியது. 2020 ஜூன் மாதம் கொரோனா ஊரடங்குக் காலத்தில் இணையத்தில் கட்டணமில்லாமல் வெளியிடப்பட்டது. சுமார் 70 நிமிடங்கள் ஓடக்கூடியது. போமின் நண்பரும் இயற்பியலாளருமான எஃப். டேவிட் பீட் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலின் பெயரையே படம் தலைப்பாகக் கொண்டிருக்கிறது.

தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியுடன் போம் கால்நூற்றாண்டுக் காலம் நடத்திய உரையாடல்கள் வழியாகவே தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் அவரை அறிந்திருக்கிறார்கள். இயற்பியலாளராக அவர் செய்தது என்ன என்பது தமிழில் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. அவ்வகையில் இப்படம் மாணவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் சில கேள்விகளுடன் பார்க்கவேண்டிய படம்.

படத்தின் அமைப்பு

படம் மூன்று இழைகளால் ஆனது. முதலாவது, போமின் வாழ்க்கை. இரண்டாவது, அவருடைய இயற்பியல். மூன்றாவது, முழுமை, உரையாடல், பிரக்ஞை பற்றிய அவருடைய பிற்காலச் சிந்தனைகள். போமின் பழைய நேர்காணல் காட்சிகளும் கிருஷ்ணமூர்த்தியுடன் அவர் உரையாடும் பதிவுகளும் படத்தின் அடித்தளம். அவற்றைச் சூழ்ந்து இன்றைய பேட்டிகள் அமைகின்றன. லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் போமுடன் முப்பதாண்டுகள் பணியாற்றிய பாஸில் ஹைலி, கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ், திபெத்தியத் தலைவர் தலாய் லாமா, சிற்பி ஆன்டனி கார்ம்லி ஆகியோர் பேசுகிறார்கள்.

படத்துக்கு நிதி அளித்தது அமெரிக்காவின் ஃபெட்சர் நினைவு அறக்கட்டளை. வானொலி, தொலைக்காட்சித் தொழிலில் பொருளீட்டிய ஜான் ஃபெட்சர் ஆன்மிக ஆர்வம் கொண்டவர். அறிவியலும் ஆன்மிகமும் சந்திக்கும் இடங்களை ஆராய்வது அவர் பெயரிலமைந்த அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்று. படம் எதை விரித்துச் சொல்கிறது, எதைத் தொட்டுச் செல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

வாழ்க்கை: நாடிழந்த இயற்பியலாளர்

போம் 1917 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்-பார் என்னும் நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்தார். ஹங்கேரியில் இருந்து குடியேறிய யூதரான தந்தை மரச்சாமான் கடை வைத்திருந்தார். பெர்க்லியில் ராபர்ட் ஓப்பன்ஹைமரின் மாணவராக ஆனார். 1942ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகினார். அந்தச் சில மாதங்கள் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்தன.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அணுகுண்டுத் திட்டத்துக்குப் பயன்படும் என்பதால் ரகசியமாக்கப்பட்டது. ரகசியத்தை அறியும் அனுமதி போமுக்கு இல்லை. தன் ஆய்வேட்டைத் தானே எழுதும் உரிமையை அவர் இழந்தார். ஆய்வு முடிந்துவிட்டது என்று ஓப்பன்ஹைமர் சான்றளித்ததன் பேரில் 1943ல் பட்டம் கிடைத்தது. அதே ஓப்பன்ஹைமர்தான் 1944ல் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசும்போது தன் மாணவர்களில் ஆபத்தானவர்களாக இருக்கக்கூடியவர்கள் என இருவரைச் சுட்டினார். ஒருவர் போம். இன்னொருவர் பெர்னார்ட் பீட்டர்ஸ்.

1949ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக்குழு முன் போம் அழைக்கப்பட்டார். நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். 1950 டிசம்பரில் கைதானார். 1951ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவருடைய பணியை நீட்டிக்கவில்லை. அவர் பிரேசிலின் சாவ் பாலோ நகருக்குச் சென்றார். அங்கே அமெரிக்கத் தூதரகம் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாமல் பிரேசில் குடியுரிமை பெற்றார். பின்னர் இஸ்ரேல், பிரிஸ்டல் என அலைந்து 1961ல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் அமர்ந்தார். 1992 அக்டோபர் 27 அன்று லண்டனில் ஒரு வாடகைக் காரில் உயிர் பிரிந்தது.

படத்தின் வலுவான பகுதி இதுதான். கிறிஸ்டோபர் நோலனின் ஓப்பன்ஹைமர் (2023) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் ஓப்பன்ஹைமரை விசாரணையின் பலியாளாகவே நினைவில் கொண்டிருப்பார்கள். அதே காலத்தை அவருடைய மாணவரின் பக்கமிருந்து பார்க்க இந்த ஆவணப்படம் வாய்ப்பளிக்கிறது. அஞ்சிய ஆசிரியர் ஒருவர் தன் மாணவனைக் கைவிடும் காட்சி அது.

ஓர் இந்தியப் பார்வையாளர் இங்கே இன்னொரு கிளையையும் சேர்த்துக்கொள்ளலாம். பெர்னார்ட் பீட்டர்ஸ் அமெரிக்காவிலிருந்து வெளியேறி பம்பாய்க்கு வந்தார். ஹோமி பாபாவின் அழைப்பில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களில் பணியாற்றி, இந்தியாவின் காஸ்மிக் கதிர் ஆய்வை வளர்த்தவர்களில் ஒருவரானார். ஒரே பேச்சில் சுட்டப்பட்ட இருவரில் ஒருவர் பிரேசிலுக்கும் மற்றவர் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தனர். அறிவியலின் வரலாறு அரசியலால் எப்படித் திசைமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இயற்பியல்: அலை வழிகாட்டும் துகள்

எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரண்டு துளைகள் கொண்ட தடுப்பை நோக்கிச் செலுத்தினால் ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுகிறது. ஆனால் பல்லாயிரம் புள்ளிகள் சேரும்போது அலைகள் ஒன்றோடொன்று கலந்தால் உருவாகும் வரிகள் தெரிகின்றன. நடுவில் எலெக்ட்ரான் எந்தத் துளை வழியாகச் சென்றது? நீல்ஸ் போர் வழிவந்தவர்களின் விடை, அந்தக் கேள்விக்கே பொருளில்லை என்பது. அளக்கும் வரை துகளுக்கு நிச்சயமான பாதை என்று ஒன்று கிடையாது என அவர்கள் கருதினர்.

போம் 1951ல் எழுதிய குவாண்டம் கோட்பாடு என்னும் பாடநூல் இந்தத் தரப்பையே விளக்கியது. எழுதி முடித்தபோது அவருக்கே அதில் நிறைவில்லை. பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுடன் நிகழ்ந்த உரையாடல்கள் அந்த நிறைவின்மையைக் கூர்மையாக்கின. 1952ல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் இரு கட்டுரைகளை வெளியிட்டார். துகளுக்கு எப்போதும் திட்டவட்டமான இடம் உண்டு, அதனுடன் ஓர் அலையும் உண்டு, அந்த அலை துகளுக்கு வழிகாட்டுகிறது என்பது அவற்றின் மையம். அதிலிருந்து வழக்கமான குவாண்டம் இயற்பியலின் எல்லாக் கணிப்புகளையும் வருவிக்க முடிந்தது. 1927ல் லூயி தெ ப்ராய் இதைப்போன்ற ஒரு கருத்தை முன்வைத்துக் கைவிட்டிருந்தார். போம் அதை முழுமையான கோட்பாடாக ஆக்கினார்.

அலை துகளைத் தள்ளுவதில்லை, அதற்குத் தகவல் அளிக்கிறது என்று போம் பிற்காலத்தில் விளக்கினார். ரேடார் அலைகளால் வழிநடத்தப்படும் கப்பல் அவர் சொன்ன உவமை. குமரி மாவட்ட வாசகர் முட்டம் கலங்கரை விளக்கத்தை எண்ணிக்கொள்ளலாம். அந்த ஒளி வள்ளத்தைத் தள்ளுவதில்லை. வள்ளம் தன் இயந்திரத்தின் விசையால் ஓடுகிறது. ஆனால் எத்திசையில் திரும்பவேண்டும் என்பதை ஒளி சொல்கிறது. தொலைவில் ஒளி மங்கினாலும் அது தரும் செய்தி மங்குவதில்லை. குவாண்டம் அலையின் வலிமையைவிட அதன் வடிவமே முக்கியம் என்று போம் சொன்னதன் பொருள் இதுதான்.

1979ல் பிர்க்பெக்கில் கிறிஸ் ஃபிலிப்பிடிஸ், கிறிஸ் டியூட்னி, ஹைலி மூவரும் கணினியின் உதவியால் இரண்டு துளைச் சோதனையில் துகள்களின் பாதைகளைக் கணக்கிட்டு வரைந்தனர். ஒவ்வொரு துகளும் ஒரு துளை வழியாகவே சென்று, வளைந்து நெளிந்து, கடைசியில் அதே வரிகளை உருவாக்குவதை அந்தப் படம் காட்டியது. பொருளற்ற கேள்வி என்று ஒதுக்கப்பட்டதற்கு ஒரு விடை கண்ணுக்குத் தெரிந்தது. தன் பழைய கோட்பாட்டிலிருந்து விலகியிருந்த போமே அதற்குத் திரும்பி வந்தார்.

புறக்கணிப்பு என்னும் கதை

படத்தையொட்டிய விளம்பர வாசகங்கள் போமை மறக்கப்பட்ட மேதை என்கின்றன. ஐன்ஸ்டைனின் ஆன்மிக மைந்தன் என்றும் தலாய் லாமாவின் அறிவியல் குரு என்றும் அறிமுகம் செய்கின்றன. போமை மறுக்க முடியவில்லை என்றால் புறக்கணிப்போம் என்ற பொருளில் ஓப்பன்ஹைமர் சொன்னதாக ஒரு செய்தி போம் பற்றிய எழுத்துகளில் தொடர்ந்து சொல்லப்படுகிறது. அது பல ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவரின் நினைவிலிருந்து பதிவானது.

இந்தச் சித்தரிப்பில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இதைவிடச் சுவையானது.

ஐன்ஸ்டைன் போமைத் தன் உதவியாளராக ஆக்கிக்கொள்ள விரும்பியது உண்மை. ஆனால் 1952ல் போமின் கோட்பாடு வெளியானபோது அவர் அதை ஏற்கவில்லை. அந்த வழி மிக மலிவானதாகத் தனக்குத் தோன்றுவதாக மாக்ஸ் போர்னுக்கு எழுதினார். இன்னொரு பக்கம், போமை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பெல்ஜிய இயற்பியலாளர் லியோன் ரோசன்ஃபெல்ட். அவர் மார்க்ஸியர். சோவியத் ருஷ்யாவின் விளாடிமிர் ஃபோக்கும் எதிர்த்தார். ஆகவே கம்யூனிஸ்ட் என்பதற்காக மட்டுமே போம் ஒதுக்கப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது.

அறிவியல் காரணங்களும் இருந்தன. போமின் கோட்பாடு அன்று புதிய கணிப்பு எதையும் தரவில்லை. ஒரே விடையைத் தரும் இரு வழிகளில் பழகிய வழியை விட்டுப் புதிய வழியை ஏன் எடுக்கவேண்டும் என்று இயற்பியலாளர்கள் கேட்டனர். தொலைவில் உள்ள துகள்கள் ஒன்றையொன்று உடனடியாகப் பாதிக்கும் என்று அக்கோட்பாடு சொன்னது. ஐன்ஸ்டைனின் சார்பியலுடன் அதை எப்படி இணைப்பது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. பார்வையாளனுக்கு இந்த எதிர்த்தரப்பு உரிய வலுவுடன் கிடைக்கவேண்டும். படத்தில் பேசுபவர்களில் பெரும்பாலோர் போமின் மாணவர்கள், நண்பர்கள், அவரை மதிப்பவர்கள். ஒரு சிந்தனையாளரின் பெருமையை அவருடைய வலுவான எதிரியை அருகே நிறுத்தித்தான் காட்டமுடியும். போமை எதிர்த்தவர்களைக் கோழைகளாக மட்டும் காட்டினால் போமும் சற்றுச் சிறிதாகிவிடுகிறார்.

போம் வென்ற இடத்தையும் இங்கேதான் சொல்லவேண்டும். ஐரிஷ் இயற்பியலாளர் ஜான் பெல் 1952ல் போமின் கட்டுரைகளைப் படித்தார். நடக்கவே முடியாதது என்று ஜான் ஃபான் நாய்மன் 1932ல் கணிதவழியில் நிறுவியதாக எல்லாரும் நம்பிய ஒன்று நடந்திருப்பதைக் கண்டார். அப்படியென்றால் அந்த நிறுவலில் பிழை இருக்கவேண்டும். ஜெர்மானியக் கணிதவியலாளர் கிரேட்டே ஹெர்மன் 1935லேயே அந்தப் பிழையைச் சுட்டியிருந்தார். எவரும் கவனிக்கவில்லை. பெல் அதைத் தானும் கண்டடைந்தார். போமின் கோட்பாட்டில் உள்ள தொலைத்தொடர்பு தவிர்க்கவே முடியாததா என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1964ல் பெல் தேற்றம் பிறந்தது. அதைச் சோதித்த அலன் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் ட்சைலிங்கர் மூவருக்கும் 2022ல், படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, நோபல் பரிசு கிடைத்தது. புறக்கணிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கோட்பாடு இவ்வாறு இன்னொருவரின் கேள்வியாக மாறி இயற்பியலின் மையத்திற்கு வந்து சேர்ந்தது.

மேலும், போம் எல்லா வகையிலும் மறக்கப்பட்டவரும் அல்லர். 1959ல் தன் மாணவர் யாகிர் அகரோனோவுடன் சேர்ந்து அவர் கண்டறிந்த அகரோனோவ்-போம் விளைவு உலகெங்கும் பாடநூல்களில் உள்ளது. காந்தப்புலம் சிறிதும் இல்லாத வழியில் செல்லும் எலெக்ட்ரானும் அருகே அடைபட்டிருக்கும் காந்தப்புலத்தை உணர்கிறது என்பதே அது. 1986ல் ஜப்பானின் அகிரா டோனோமுரா குழு அதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. பிளாஸ்மா இயற்பியலிலும் போமின் பெயர் நிலைத்திருக்கிறது. 1990ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பலியானவரின் கதையை விரும்பும் ஒரு வாழ்க்கைச் சித்திரத்துக்கு இவை சற்று இடைஞ்சலான செய்திகள்.

கிருஷ்ணமூர்த்தியும் போமும்

பிரிஸ்டல் பொதுநூலகத்தில் போமின் மனைவி சாரல் கிருஷ்ணமூர்த்தியின் ஒரு நூலைக் கண்டெடுத்தார். பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் வேறல்ல என்னும் கருத்து அதில் இருந்தது. குவாண்டம் இயற்பியலில் அதே சிக்கலுடன் போராடிக்கொண்டிருந்த போமை அது உடனடியாக ஈர்த்தது. 1961ல் இருவரும் லண்டனில் சந்தித்தனர். ஆந்திரத்தின் மதனப்பள்ளியில் பிறந்து, சென்னை அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தால் உலக குருவாக வளர்க்கப்பட்டு, 1929ல் அந்தப் பட்டத்தையும் அமைப்பையும் உதறியவர் கிருஷ்ணமூர்த்தி. அமைப்புகளால் வெளியேற்றப்பட்டவர் போம். இருவரும் நெருங்கியதில் வியப்பில்லை.

உரையாடல் காட்சிகளில் கவனத்திற்குரியது போமின் முகம். கிருஷ்ணமூர்த்தி உறுதியாகச் சொல்லிச் செல்கிறார். போம் தயங்கி, சொற்களைத் தேடி, எல்லை வகுத்துக்கொள்கிறார். பொதுவாகச் சொல்லப்பட்ட ஒன்றை வரையறுக்க முயலும் அறிவியலாளரின் உடல்மொழி அது. 1980ல் நிகழ்ந்த உரையாடல்கள் காலத்தின் முடிவு என்னும் நூலாயின.

ஆனால் இந்த உறவு சீராக இருக்கவில்லை. 1980களில் இருவருக்கும் இடையே விலகல் ஏற்பட்டது. கிருஷ்ணமூர்த்தியின் தனிவாழ்க்கை பற்றி ராதா ராஜகோபால் ஸ்லாஸ் எழுதிய நூல் 1991ல் வெளிவந்தது. போம் வாழ்நாள் முழுக்க அவ்வப்போது கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர். அதே 1991ல் லண்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மின்னதிர்ச்சி சிகிச்சையும் பெற்றார். முழுமையைப் பற்றிப் பேசியவரின் மனம் உடைந்தும் கிடந்தது என்பதைச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது. அந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதை அதுவே காட்டக்கூடும். வெளிச்சமும் நம்பிக்கையும் நிறைந்த தொனியில் அமைந்த இப்படத்தில் இந்த நிழல்களுக்கு உரிய இடம் அமையவில்லை.

உட்பொதிந்த ஒழுங்கு

போமின் பிற்காலச் சிந்தனையின் மையம் உட்பொதிந்த ஒழுங்கு என்னும் கருத்து. 1980ல் வெளிவந்த முழுமையும் உட்பொதிந்த ஒழுங்கும் என்னும் நூலில் அதை விரித்துரைத்தார். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு எளியது. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு கண்ணாடி உருளைகளுக்கு நடுவே கிளிசரின் நிரப்பப்படுகிறது. அதில் ஒரு துளி மை விடப்படுகிறது. உருளையை மெல்லச் சுழற்றினால் மை இழையாக நீண்டு கடைசியில் காணாமலாகிறது. எதிர்த்திசையில் அதே அளவு சுழற்றினால் துளி மீண்டும் திரண்டு வருகிறது. மறைந்தபோது அது அழியவில்லை, திரவம் முழுக்க மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாம் காணும் பொருள்களெல்லாம் இவ்வாறு ஆழத்தில் மடிந்திருக்கும் ஒன்றின் விரிவுகள் என்றார் போம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணரவேண்டும். 1952ன் கோட்பாடு கணித வடிவில் உள்ளது. அதைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். உட்பொதிந்த ஒழுங்கு ஒரு தத்துவச் சித்திரம். ஹைலியுடன் சேர்ந்து அதற்குக் கணித வடிவம் தர போம் முயன்றார், ஆனால் அது நிறைவடையவில்லை. பிரக்ஞையும் பருப்பொருளும் ஒரே ஒழுங்கின் இரு விரிவுகள் என்பது மேலும் தொலைவிலுள்ள ஊகம். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு உறுதிநிலைகள் கொண்டவை. ஆவணப்படம் இவற்றை ஒரே நேர்க்கோட்டில், ஒரே குரலில், ஒரே அழகிய காட்சிகளுடன் சொல்லிச் செல்கிறது. முதலாவதற்கு இருக்கும் நம்பகத்தன்மை பார்வையாளர் அறியாமலேயே மூன்றாவதற்கும் சென்று சேர்ந்துவிடுகிறது. படத்தின் முதன்மையான குறை இதுவே.

கோட்டாற்றில் இருந்து ஒரு பார்வை

தமிழ்ச் சூழலில் இந்தக் குறைக்குத் தனி எடை உண்டு. ஃப்ரிட்ஜாஃப் காப்ராவின் இயற்பியலின் தாவோ 1975ல் வெளிவந்த பின் நடராஜர் நடனத்தையும் துகள் இயற்பியலையும் ஒன்றெனச் சொல்வது மேடைப்பேச்சின் வழக்கமாகியது. 2004ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் இந்திய அரசு அளித்த நடராஜர் சிலை நிறுவப்பட்டபோது அது ஒரு சான்றிதழாகவே கொள்ளப்பட்டது. போமும் அவ்வாறே வேதாந்தத்திற்குக் கிடைத்த அயல்நாட்டு சாட்சியாகப் பயன்படுத்தப்படுகிறார்.

நாஞ்சில்நாட்டின் பழைய வணிகநகரமான கோட்டாற்றில் இருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில் மருந்துவாழ் மலை உள்ளது. அதன் குகையில் நாராயண குரு தவமிருந்தார். அத்வைதத்தை நூறு பாடல்களில் முறைப்படுத்தும் தரிசனமாலையை அவர் பின்னாளில் சம்ஸ்கிருதத்தில் இயற்றினார். அவருடைய மாணவர் நடராஜ குரு ஊட்டியில் நாராயண குருகுலத்தை நிறுவியவர். தரிசனமாலையை அடிப்படையாகக் கொண்டு, நவீன அறிவியலையும் வேதாந்தத்தையும் ஒரே அறிவுத்துறைக்குள் நிறுத்தும் பெருநூல் ஒன்றை அவர் எழுதினார். போமைப் போலவே முழுமையைத் தேடியவர். ஆனால் வந்த வழி நேர் எதிரானது. நடராஜ குரு முழுமையில் தொடங்கி அறிவியலை நோக்கி வந்தார். போம் ஓர் எலெக்ட்ரானின் பாதையில் தொடங்கி முழுமையை நோக்கிச் சென்றார். இருவரையும் அருகருகே வைத்து ஆராய்வது பயனுள்ளது. ஒருவரைக் கொண்டு இன்னொருவருக்குச் சான்றிதழ் வழங்குவது இருவரையுமே வாசிக்காமல் இருப்பதற்குச் சமம்.

கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மரபுவழி மருத்துவம் என்பது மருந்தும் நோயாளியும் குணமும் சேர்ந்த அறிவுமுறை. அதன் மதிப்பு நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை வைத்தே தீர்மானிக்கப்படும். அதற்குக் குவாண்டம் என்னும் அடைமொழி தேவையில்லை. இன்று சந்தையில் அச்சொல்லை ஒட்டி விற்கப்படும் பொருள்களுக்கும் சிகிச்சைகளுக்கும் போமின் இயற்பியலோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அணுவின் அளவில் நிகழும் ஒன்றை உடலின் அளவுக்குக் கொண்டுவர இடையே எத்தனை படிகள் வேண்டும் என்று கேட்கத் தெரிந்த மாணவர் ஏமாறமாட்டார். அந்தக் கேள்வியைக் கற்பிக்கும் வாய்ப்பு இப்படத்துக்கு இருந்தது.

தமிழர்களின் அறிவியலாளர் கதைகளிலும் இதே சிக்கல் உள்ளது. கணிதமேதை ராமானுஜன் பற்றிய திரைப்படங்களிலும் மேடைப்பேச்சுகளிலும் நாமகிரித் தாயார் முன்னே வந்து நின்றுவிடுகிறாள். ராமானுஜன் சிலேட்டில் எழுதி எழுதி அழித்த பல்லாயிரம் மணிநேரம் பின்னே போய்விடுகிறது. அவருடைய பக்தி உண்மை, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் உழைப்பைக் காட்டாமல் அருளை மட்டும் காட்டும்போது அதைப் பார்க்கும் மாணவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

உரையாடல் என்னும் கொடை

போமின் சிந்தனைகளில் எவரும் இன்றே முயன்று பார்க்கக்கூடியது அவர் முன்வைத்த உரையாடல் முறை. இருபது முதல் நாற்பது பேர் வட்டமாக அமர்கிறார்கள். முன்கூட்டியே முடிவுசெய்த தலைப்போ, எட்டவேண்டிய தீர்மானமோ இல்லை. பிறர் பேசும்போது தன்னுள் எழும் எதிர்ப்பையும் கோபத்தையும் அடக்காமல், உடனே வெளிக்காட்டாமல், நிறுத்தி வைத்துக் கவனிக்கவேண்டும். தன் கருத்து தானே என்று நம்புவதால்தான் கருத்துக்கு அடி விழும்போது மனிதன் துடிக்கிறான் என்றார் போம்.

தமிழில் பொதுவிவாதத்தின் பெரிய வடிவம் பட்டிமன்றம். அதில் இரண்டு அணிகளும் ஒரு நடுவரும் உண்டு. யார் எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். மனம் மாறுவதற்கு இடமில்லை. மணிமேகலையில் பல சமயத்தாரிடம் சென்று அவர்கள் தரப்பைக் கேட்டு அறியும் மரபு அதைவிடப் பழையது. போமின் உரையாடல் அந்தக் கேட்கும் மரபுக்கு நெருக்கமானது. பெயர்களைச் சொல்லும்படி மிரட்டிய விசாரணை அறையில் அமர்ந்திருந்த மனிதர், முப்பதாண்டுகளுக்குப் பின் எவரும் எவரையும் விசாரிக்காத வட்டம் ஒன்றைக் கற்பனை செய்தார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான் போமின் வாழ்க்கையும் கருத்தும் ஒன்றாகின்றன. படத்தின் தலைப்பு உறுதியளிப்பது இந்த இணைப்பைத்தான். பார்வையாளர் சற்று முயன்று தானே அதைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

இன்ஃபினிட் பொட்டென்ஷியல் மதிப்புடனும் அன்புடனும் எடுக்கப்பட்ட படம். அரிய பழைய காட்சிகளை ஓரிடத்தில் தொகுத்து அளிப்பதும், கடினமான இயற்பியலைப் பொதுப் பார்வையாளர் முன் அஞ்சாமல் வைப்பதும், அரசியல் அச்சம் ஓர் அறிவியலாளரின் வாழ்க்கையை எப்படிச் சிதறடித்தது என்று காட்டுவதும் அதன் சிறப்புகள். மாற்றுத்தரப்பைப் போதிய அளவில் முன்வைக்காததும், நிறுவப்பட்டதையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டாததும், போமின் துயரங்களை ஒதுக்கி அவரை ஞானியாக மட்டும் நிறுத்த விரும்புவதும் அதன் குறைகள்.

மாணவர்கள் இப்படத்தை இருமுறை பார்க்கலாம். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றும் சோதித்து அறியப்பட்டதா, கணிதத்தால் வருவிக்கப்பட்டதா, நம்பிக்கையா என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொண்டே பார்க்கவேண்டும். ஏற்கப்பட்ட விடையைத் தானே பாடநூலாக எழுதிவிட்டு, எழுதியதை நம்பமுடியாமல் மறுபடியும் தொடங்கியவர் டேவிட் போம். அவரைப் பற்றிய படத்தை அப்படிப் பார்ப்பதே பொருத்தம்.